ஒற்றைக் கேபிளில் எட்டு மாதம்

காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கணினிகள் எல்லாம் பேச்சு மூச்சில்லாமல் நின்றுபோயின. சற்று நேரத்தில், நெட்வொர்க் வேலை பார்க்கும் அவன் ஸ்விட்ச் அறையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அந்த மாடிக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் கீழ்த்தளத்துப் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள். இரண்டையும் சேர்த்து ஒரே இணைப்பாக அமைத்தவன் அவன்தான். ஒன்று போனால் மற்றது மொத்தச் சுமையையும் இழுத்துக்கொள்ளும். அவன் போனுக்கு எச்சரிக்கை வரும்.

இன்று செத்தது ஒன்றுதான். மற்றது எட்டு மாதத்துக்கு முன்பே செத்திருந்தது. பதிவில் தேதி இருந்தது. அதைப் பார்த்தும் அவனுக்குள் ஒன்றும் அசையவில்லை. எட்டு மாதமாகவே அப்படித்தான், மரத்துப் போன கால் மாதிரி.

மேலாளருக்குக் கேபிளுக்கும் கொடிக்கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கத்த மட்டும் நன்றாகத் தெரியும். வாசலில் நின்றிருந்த ஒப்பந்தக் கேபிள்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"நாளையிலேருந்து நீங்க வரவேணாம்."

"நான் மாட்டினப்ப ரெண்டு கேபிளுக்கும் விளக்கு எரிஞ்சுது சார்," என்றார் கேபிள்காரர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவரோடு போய்விடும். அவன் எழுந்து நின்றான்.

"அவர் மேல தப்பில்ல சார். எச்சரிக்கை என் போனுக்கு வந்துச்சு. என்னன்னுகூடப் பாக்காம நான்தான் அத அணைச்சேன். அப்புறம் திரும்பப் போடவே இல்ல."

"ஏன்?"

"அன்னைக்கு எங்க அக்காவ எடுத்தாங்க. போன் விடாம அடிச்சுட்டே இருந்துச்சு."

அந்த நாளுக்குக் காய்ச்சல் என்றுதான் விடுப்பு எழுதியிருந்தான். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். அக்கா செத்தது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கேபிள்காரரைப் பார்த்து, "நீங்க போய்ப் புதுக் கேபிள் கொண்டாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எட்டு மாசம் ஒத்தக் கேபிள்லயா ஓடுச்சு? யாருக்குமே தெரியலையா?"

"வேலை நடந்துட்டே இருந்தா தெரியாது சார்."

"வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா. படுத்த படுக்கை. ஒருநாள் அக்கா பாத்துப்பா, ஒருநாள் நான் பாத்துப்பேன்."

"இப்ப?"

"எல்லா நாளும் நான்தான் சார்," என்றான். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.