சுப்பர் பீயின் பைபர் பொனட்

புளோறன்ஸ் ஒஸ்லோவில், கார்களுக்குத் தகரவேலையும் பெயின்ற் வேலையும் செய்யும் ஒரு பட்டறையில் துப்புரவு வேலை பார்த்தாள். 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு காலை, நிலம் கழுவுவதற்காகச் சுவரில் சாய்த்திருந்த, கார் எஞ்சினை மூடும் பொனட் ஒன்றைச் சற்று நகர்த்தினாள். ஈரத்தில் அது வழுக்கியது. எட்டிப் பிடிப்பதற்குள் விழுந்து, ஒரு மூலையில் சாண் நீளத்துக்கு வெடித்துவிட்டது.

அது யாருடைய காரின் பொனட் என்று அவளுக்குத் தெரியும். ரயில் ஓட்டும் தோர்பியோர்ன் பதினொரு வருடங்களாகப் பார்த்துப் பார்த்துத் திருத்திவரும் 1969ஆம் ஆண்டு டொட்ஜ் சுப்பர் பீ. அதன் பொனட்டுக்குக் கீல் கிடையாது. நான்கு ஊசிகளைக் கழற்றி முழுதாகத் தூக்கி எடுக்க வேண்டும். தகரமல்ல, கண்ணாடி நாரால் ஆன பைபர். பளபளப்பில்லாத கறுப்பு, நடுவே காற்று புகுவதற்கான பெரிய மேடு, அதன் இருபக்கமும் சிவப்பு எழுத்து. கொம்பனி அந்த வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே அப்படிப் பூட்டி விற்றதாம். போலிகள் வாங்கலாம். அசல் கிடைப்பது அரிது.

கணவன் அல்பேர்ட்டுக்குப் போன் எடுத்தாள்.

“ஆரும் கண்டவையோ?” என்று கேட்டான் அவன்.

“இல்லை. ஆனா நான் சொல்லத்தான் போறன்.”

“வேலை போயிடும், தெரியுமோ உமக்கு?”

“போனாப் போகட்டும். அந்த மனுசன் பதினொரு வருசமா இதோடயே கிடக்கிறார்.”

மூன்று மணிக்குத் தோர்பியோர்ன் வந்தார். முதலாளி ஆர்னேயும் கூட நின்றார். தனக்குத் தெரிந்த அளவு நோர்வே மொழியான நொஸ்கில், எதையும் மறைக்காமல், நடந்ததைச் சொன்னாள். தோர்பியோர்ன் முழந்தாளிட்டு வெடிப்பை விரலால் தடவினார்.

“நான் இதைத் திருத்துவேன்,” என்றாள் புளோறன்ஸ். “மன்னாரில் ஆறு வருடம் பைபர் படகு கட்டும் இடத்தில் வேலை செய்தேன்.”

“படகு வேறு, இது வேறு,” என்றார் ஆர்னே.

அவள் ஒரு குறோணர் காசை எடுத்து, வெடிப்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். டக் டக்கென்ற ஓசை ஓரிடத்தில் அமுங்கிக் கேட்டது. அங்கே சோக்கால் கோடு போட்டாள். “உள்ளே இதுவரைக்கும் பிரிந்திருக்கிறது. அடிப்பக்கமாகத்தான் திருத்த வேண்டும். மேலே எழுத்தைத் தொட மாட்டேன்.”

தோர்பியோர்ன் நிமிர்ந்து பார்த்தார். “என் படகைத் திருத்துகிறவரும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்,” என்றார். பிறகு ஆர்னேயிடம், “இவரே செய்யட்டும்,” என்றார்.

புளோறன்ஸ் நோர்வேக்கு வந்த ஒன்பது வருடத்தில், துடைக்கிறதைத் தவிர வேறொன்றை அவளை நம்பி எவரும் கொடுத்ததில்லை.

மூன்று நாள், துப்புரவு முடிந்த கையோடு அதில் இறங்கினாள். பிரிந்த பகுதியைச் சுரண்டி எடுத்தாள். கண்ணாடி நார்ப் பாயை வெட்டி, படையின்மேல் படையாக றெசின் பசை பூசி ஒட்டினாள். காற்றுக் குமிழ் ஒன்றுகூட நிற்கவிடவில்லை. மேலே மயிரிழையாகத் தெரிந்த கோட்டைப் பெயின்ற் அடிப்பவர் கறுப்பால் மறைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அல்பேர்ட்டிடம் கேட்டாள். “நம்பினதுக்கு நன்றி எண்டு நொஸ்கில எப்பிடிச் சொல்றது?”

“தக் ஃபொர் தில்லிதென்.”

பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

அன்று பட்டறைக்கு வந்த தோர்பியோர்ன், ரோச் லைற் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். தன் காசாலேயே எல்லா இடமும் தட்டினார். எங்கும் ஒரே ஓசை. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. புளோறன்ஸ் தன் வசனத்தைச் சொன்னாள்.

“நான் அல்லவா சொல்ல வேண்டும்?” என்றார் அவர். “நீங்கள் பேசாமல் போயிருந்தால் யார் செய்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது.”

ஆர்னே உள்ளே போய்ப் புதிய முகக்கவசம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். “அடுத்த கிழமையிலிருந்து, கிழமைக்கு இரண்டு நாள் பைபர் வேலை உங்களுக்கு. அந்த நாட்களில் துடைப்பதற்கு வேறு ஆள் பார்க்கிறேன்.”

அன்று மாலை, ட்வெய்ட்டாவில் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்த அல்பேர்ட், “என்ன நடந்தது?” என்று கேட்டான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் கண்ணீர்தான் முந்திக்கொண்டது.

“ஒருத்தரும் என்னை ஏசேல்லையப்பா,” என்றாள்.