குட்டையன் வண்டிக்கு மட்டும்

குட்டையன் என்றுதான் அவனை எல்லாரும் கூப்பிட்டார்கள். டாங்கி ஓட்டுகிறவன். "எங்கம்மா டாங்கிக்கு அளவெடுத்துப் பெத்திருக்கா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்கா. அக்கா புருஷன் அதே படையின் பட்டறையில் ஃபிட்டர்.

சண்டைக்குப் புறப்பட உத்தரவு வந்ததும் அக்கா தன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வண்டிய நீங்களே பாருங்க. வேற எவன் கையும் படக்கூடாது."

"எல்லா வண்டியும் ஒண்ணுதான்டி."

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், செல்லங்களா, பயப்படாதீர்கள். அதைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். மேலே பெரிய விசிறிகள். ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் மீன் செதில் போல மெல்லிய மடிப்புகள். சிலிண்டர்களுக்கு நடுவே தகரத் தட்டுகள் செருகியிருக்கும். பார்த்தால் காற்றை மறிப்பது போலத்தான் தோன்றும். பட்டறையில் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

"மாமா, மேடு ஏறினா சூடு காட்டுற முள்ளு எகிறுது" என்று குட்டையன் சொல்லியிருந்தான். வெளியில் வெயில் வேறு கொளுத்துகிறது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் தட்டுகளை வழக்கம்போல மாட்டிய மாமா, அவன் வண்டிக்கு வந்ததும் கையை நிறுத்தினார். தட்டுகளை மாட்டவில்லை. புழுக்கத்தில் தூங்கும் பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிற மனசு, வேறொன்றுமில்லை.

"என்ன மாமா பண்ணீங்க?"

"பேசாம ஓட்டு மாப்ளே. காத்து தாராளமா வரும். உனக்கு மட்டும்தான்."

"மத்தவன் வயித்தெரிச்சல் என்னைச் சும்மா விடாது போங்க!"

பட்டறை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. அது சமதரை.

சண்டையில் டாங்கிகள் வரிசையாக ஒரு குன்றில் ஏறின. பாதி ஏற்றத்தில் குட்டையன் வண்டி மட்டும் நின்றுபோனது. மற்றவை அதை ஒதுக்கிவிட்டு மேலே போயின. அசையாமல் நின்ற வண்டியைக் குறி பார்ப்பது எதிரிக்கு எத்தனை சுலபம்! எஞ்சின் பட்டறைக்குத் திரும்பி வந்தது. குட்டையன் வரவில்லை.

எஞ்சினைப் பிரித்தபோது பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்தார். பின்வரிசை சிலிண்டர்கள் கருகி இறுகியிருந்தன.

"எந்த மடையன்யா தகரத்த எடுத்தான்? அதுதானே காத்தை அந்த மடிப்புக்குள்ள நெருக்கித் தள்ளுது. இல்லைன்னா காத்து சந்து வழியா சும்மா ஓடிப் போயிடுமே!"

"மாட்டாம விட்டது நான்தான்" என்றார் மாமா.

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாய மூடு. ஓட்டினவனுக்கு ஓட்டத் தெரியலேன்னு மேல சொல்லியாச்சு. அவன் எழுந்து வந்து கேக்கவா போறான்? உன் பொண்டாட்டிய நெனச்சுப் பாரு."

அவளை நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார். அதற்குள் அதிகாரி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எந்தம்பிக்கு ஓட்டத் தெரியாதாம்! கேட்டீங்களா அநியாயத்த? நீங்க போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க!"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"மத்தவங்க வண்டிக்குச் செஞ்சதையே அவனுக்கும் செஞ்சிருந்தா வந்திருப்பான், இல்ல?"

"ம்."

"தனியாப் பாருங்கன்னு நான்தானே கேட்டேன்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.