களிம்பில் நின்ற எழுத்து

ஆடிட்டர் ஸ்ரீவத்சன் போனில் "உடனே வா" என்று மட்டும் சொல்லியிருந்தார். வெரோனிகா அபிராமபுரத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ கொலுவுக்குப் பாடி முடித்திருந்தார்கள்.

அவளுடைய ஆய்வு முழுவதும் அவரிடமிருந்த ஒரு காசை நம்பியிருந்தது. கரூரில் ஆற்று மணலில் கிடைத்த சதுரச் செப்புக்காசு. பச்சைக் களிம்பு மூடி, பாசி பிடித்த கல் போல இருக்கும். வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் கிண்டிச் சோதனைக் கூடம் ஒன்றில் கெஞ்சி, அதை எக்ஸ்ரே எடுத்தாள். ஃபிலிமில் ஒரு யானை தெரிந்தது. அதன் முதுகுக்கு மேலே மூன்று பிராமி எழுத்துகள். எந்தக் காசிலும் இதுவரை யாரும் படித்திராத பெயர்.

அன்று பஸ்ஸில் சாந்தோமில் இறங்க மறந்து கலங்கரை விளக்கம் வரை போய்விட்டாள். எப்போதோ செத்துப்போன ஒருவன் தன் பெயரை அவள் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனது போலிருந்தது.

காசு அவருடையது, ஃபிலிமுக்குப் பணம் கொடுத்தவரும் அவர். இரண்டையும் அவரிடமே ஒப்படைத்திருந்தாள். நவராத்திரி முடிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சொல்வது நிற்கும்.

கொலுவின் கடைசிப் படியில், ஒரு சின்ன பல்பின் முன்னால் ஃபிலிம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குங்குமச் சிமிழ் மூடியில் ஏதோ மின்னியது. அதுதான் காசு என்று புரியச் சற்று நேரமானது. கடையில் புதிதாக வாங்கிய செம்பு போலப் பளபளவென்று, மழுமழுவென்று இருந்தது. யானை இல்லை. எழுத்து இல்லை.

"மாமி, இது..."

"நான்தாம்மா தேய்ச்சேன்," என்றாள் ஸ்ரீவத்சனின் மனைவி பத்மாசனி. "நேத்திக்குக் கொலுவுக்குப் பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சுண்டிருந்தேன். இவர் இதையும் கொண்டு வந்து போட்டார். அழுக்குப் போனா எழுத்து பளிச்சுனு தெரியும்னார்."

"எங்கே தெரியறது?" என்றார் ஸ்ரீவத்சன். "வந்தவாள்ளாம் படத்தைப் பார்க்கறா, காசைப் பார்க்கறா, என் மூஞ்சியைப் பார்க்கறா. அதே காசுதான் திரும்பி வந்துதான்னு எதிராத்து சௌந்தரராஜன் கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"தொடவே கூடாதுன்னு சொன்னேனே சார். செம்பு எப்பவோ அரிச்சுப் போச்சு. எழுத்து அந்தக் களிம்புலதான் பதிஞ்சு நின்னுச்சு. அதைத் தேய்ச்சா எல்லாமே போயிடும்."

"களிம்புல எழுத்தா? யாருக்குக் காது குத்தறே?"

வெரோனிகா ஃபிலிமை எடுத்து மேஜையில் விரித்தாள். படம் காசின் அதே அளவு. அதில் கீழ் மூலையில் பிறை போல ஓர் உடைவு இருந்தது. காசை அதன் மேல் வைத்து மெல்லத் திருப்பினாள். ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. உடைவு மட்டும் உடைவின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

பத்மாசனி குனிந்து பார்த்தாள். "ஏன்னா, அப்படியே பொருந்தறதே. இதே காசுதான்."

ஸ்ரீவத்சனும் பார்த்தார். அவர் பார்த்துவிட்டதை வெரோனிகா பார்த்தாள். அவர் கழுத்து சிவந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். "என்ன ஓய், காசு மர்மம் துலங்கித்தா?" என்று கேட்டபடி சௌந்தரராஜன் உள்ளே வந்தார்.

ஸ்ரீவத்சன் ஃபிலிமைச் சுருட்டினார். காசை எடுத்து அதனுடன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"துலங்கிடுத்து. எக்ஸ்ரே எடுக்கப் போன எடத்துல காசு மாறிப் போயிடுத்து ஓய். சின்னப் பொண்ணு, அழறா. போனாப் போறதுன்னு விட்டுட்டேன்."

வெரோனிகா அழவில்லை. "மாமி, நீங்க பார்த்தீங்கல்ல?" என்றாள்.

பத்மாசனி கணவரைப் பார்த்தாள். பிறகு கொலுவைப் பார்த்தாள். தட்டிலிருந்து வெற்றிலை பாக்கையும் சுண்டல் பொட்டலத்தையும் எடுத்து வெரோனிகாவின் கையில் வைத்தாள்.

"சுண்டல் ஆறிடும்மா. சீக்கிரம் சாப்டுடு."

பத்மாசனியின் நக இடுக்கில் நேற்றைய புளியின் கறுப்பும், கொஞ்சம் பச்சையும் இன்னும் ஒட்டியிருந்தன. அந்த மூன்று எழுத்தில் மிச்சம் அவ்வளவுதான்.