துளைகளில் லெயோகாதியா

1

இந்தக் கதை ஓர் அலைபேசித் திரையில் கிடைத்தது. பக்கத்து வீட்டு யாரெட்ஸி, எல்லைக்கு அப்பால் சிகாகோவில் இருக்கும் தன் அம்மா லெயோகாதியாவோடு பேசிக்கொண்டிருந்தாள். சிக்னல் குறைந்து அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. குரல் மட்டும் வந்தது.

"சனிக்கிழமை வர்றேன்டி. ஆனா ஓட்டல்ல தங்கிக்கிறேன். சின்னப் பிள்ளையா இருந்த உன்னை விட்டுட்டுப் போன வீடு. படியேறக் கூசுது."

நான் அவள் வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்டு வாங்கப் போயிருந்தேன். உப்பில்லாமல் திரும்பினேன்.

2

முதல் தொடக்கம்: 'மகளை விட்டுப் போன தாய்க்கு...'

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். முதல் பிரதியில் நானே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது: யாரெட்ஸி கணினிமுன் உட்கார்ந்தாள்.

இது பரவாயில்லை. விழாவுக்கு மெல்லிய தாளைத் துளையிட்டுத் தெருக்குறுக்கே தொங்கவிடுவது எங்கள் ஊர்த் தொழில். அவள் வடிவம் போட்டுத் தருவாள்; அவளை வளர்த்த சித்தி ஒப்துலியா தாளை அடுக்கி உளியால் தட்டுவாள். இந்தமுறை வரவேற்புக்காக, தாளில் அம்மாவின் முகம்.

முதலில் மொசைக் போட்டுப் பார்த்தாள். முகம் சதுரங்களானது. "போன்ல உடையற மாதிரியே இருக்கு" என்று அழித்தாள். பிறகு ஹாஃப்டோன்: இருண்ட இடத்தில் பெரிய வட்டம், வெளிர்ந்த இடத்தில் சிறியது. தனித்தனியாக இழுத்து மாற்றக்கூடிய வெக்டர் வடிவம் என்பதால் ஒவ்வொரு வட்டத்தையும் உளியின் அளவுக்குத் திருத்த முடிந்தது. வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டால் தாள் கிழிந்து கண் உதிர்ந்துவிடும். கண்மணியில் மட்டும் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினாள்.

(அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது என் நினைப்பு. எடுத்துவிட்டேன்.)

3

சனிக்கிழமை காலை தெருவில் கட்டினார்கள். சித்தி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடி இது? உங்கம்மாவுக்கு முடி நரைச்சு, பல்லு கறுத்துக் கிடக்கு."

"கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு, சித்தி."

"கம்ப்யூட்டருக்குப் பின்னால வானம் இருக்கா? ரெண்டு நாளா தட்டின எனக்கும் தோணலையே. நல்ல குடும்பம்."

திரையில் கறுப்பாக இருந்த புள்ளிகள் தாளில் துளைகள். துளை வழியே வானம் வெளிச்சமாகத் தெரிந்தது. இருட்டாக இருக்க வேண்டியதெல்லாம் ஒளிர்ந்தது. புதிதாக வெட்ட நேரமில்லை. சாயங்காலம் பேருந்து வந்துவிடும்.

சித்தி ஒரு சரத்தைக் கழற்றி, எரிச்சலில் முற்றத்தைத் தாண்டிய உள்ளறை வாசல் நிலையில் மாட்டினாள். முற்றத்து வெளிச்சம் தாளில் விழுந்தது. துளைகளுக்குப் பின்னால் அறையின் இருட்டு. லெயோகாதியா கறுத்த முடியோடு சிரித்தாள்.

யாரெட்ஸி வெகுநேரம் பார்த்தாள். "தெருவுல இருக்கறது அப்படியே இருக்கட்டும் சித்தி. உள்ள வந்து பார்த்துக்கட்டும்."

"வருவாளா?"

"சோளமாவு பிசைஞ்சு தமாலே வேக வை. வாசனையாவது கூப்பிடட்டும்."

4

முடிவுகள்.

ஒன்று: லெயோகாதியா ஓட்டலுக்குப் போகிறாள். கை தயங்காமல் எழுதிவிட்டது, அதனாலேயே நம்பவில்லை.

இரண்டு: தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழ

இல்லை.

மூன்று: பேருந்து நிலையத்திலிருந்து வந்த டாக்ஸி, ஓட்டலுக்குப் போக வாசலில் காத்து நிற்கிறது. பெட்டி தரையில். லெயோகாதியா அண்ணாந்து பார்க்கிறாள்.

"யாருடி இது, பேய் மாதிரி?"

"நீதான்."

"நானா? இவ்வளவு கிழவியாவா?"

"சரியான படம் உள்ள இருக்கு. இங்கேருந்து தெரியாது."

லெயோகாதியா டாக்ஸியைப் பார்க்கிறாள். வீட்டைப் பார்க்கிறாள். உள்ளிருந்து சித்தி, "ஆறிப்போகுது" என்கிறாள், யாரிடம் என்று சொல்லாமல். லெயோகாதியா வலது காலைத் தூக்கி

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. என்னைவிட உங்களுக்கு அவள்மேல் கோபம் குறைவாக இருக்கலாம். ஒன்று மட்டும் செய்திருக்கிறேன்: டாக்ஸியைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன்.