மிட்டன்ஸ் குழுவின் மாபெரும் வெற்றிப் பாடல்கள்

எங்கள் 'மிட்டன்ஸ்' குழுவுக்கு வெற்றிப் பாடல் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அப்படியிருக்க, 'மாபெரும் வெற்றிப் பாடல்கள்' என்று இசைத்தட்டு எப்படி வந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் உண்மையைத்தான் சொல்கிறேன். அவர்கள்தான் நம்புவதில்லை.

வினிபெக்கில் நான் டிரம்ஸ், போஹ்தான் கிட்டார், பாட்டு எழுதிப் பாடுவது லெசியா. டொராண்டோ கம்பெனிக்கு இன்னும் ஒரு இசைத்தட்டு கொடுக்கும்வரை அவள் வேறெங்கும் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வசந்தத்தில் அவள் தங்கை கல்யாணம். அதில் பாடியே தீருவேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். புதுப் பாட்டோ வரவில்லை.

"பழைய ஹிட்டையெல்லாம் சேர்த்துப் போட்டு முடிச்சுக்கலாம்மா," என்றார் கம்பெனிக்காரர் புரூயிட். "ஆனா ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு ரேடியோவுல முதலிடம் வந்திருக்கணும். எத்தன இருக்கு?"

"ஒண்ணு, சார்."

"அப்ப தட்டுல நடு ஓட்டைதான் பெருசா இருக்கும்."

அந்த நேரத்தில்தான் வடக்கே கிரேலிங் ஏரி ஊரின் வானொலி அறிவிப்பாளர் ஐனார் லெசியாவுக்குப் போன் செய்தான். "அடுத்த ரெக்கார்டு எப்பம்மா? இங்க வாரா வாரம் உங்க பாட்டுதான் முதல்ல. ஒண்ணு மாத்தி ஒண்ணு எல்லாமே வந்தாச்சு."

நடந்தது இதுதான். வானொலியில் பத்துப் பாட்டுக்கு மூன்று கனடாக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. அந்தக் குளிர்காலத்தில் கிரேலிங் ஏரி நாய்களே குரைப்பதை வசந்தத்துக்கு ஒத்திவைத்திருந்தன. லாரியிலேயே விட்டுவைத்த கனடா இசைத்தட்டுகள் அப்பளமாக நொறுங்கிவிட்டன. காபிக் கெட்டிலுக்கு அடியில் ஐனார் வைத்திருந்த எங்கள் பழைய ஒற்றைப் பாட்டுத் தட்டுகள் மட்டும் பிழைத்தன. சட்டத்துக்குப் பயந்து அவற்றையே போட்டான், மறுபடி மறுபடி.

பொறுக்கமுடியாமல் ஊரார் போன் செய்தார்கள். ஆனால் அந்த ஊரில் யாரும் எடுத்த எடுப்பில் குறை சொல்லமாட்டார்கள். "நல்ல பாட்டு ஐனார், ரொம்ப நல்ல பாட்டு..." என்று தொடங்கித்தான் விஷயத்துக்கு வருவார்கள். இருந்தது ஒரே போன், மணியோ ஓயவில்லை. 'நல்ல பாட்டு' காதில் விழுந்ததும் ஐனார் அந்தப் பாட்டுக்கு முதலிட ஓட்டு ஒன்று குறித்துக்கொண்டு போனை வைத்துவிடுவான்.

புரூயிட் நம்பவில்லை. குட்டி விமானத்தில் எங்களையும் ஏற்றிக்கொண்டு நேரில் விசாரிக்கப் போனார். பனிக்கட்டி விளையாட்டுக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது.

"இவங்க பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா?" என்றார்.

எல்லோரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஓட்டெல்லாம் குறை சொல்ல வந்த போன் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. லெசியாவுக்கும்தான்.

"உள்ளதச் சொல்லுங்க. நான் அழமாட்டேன்," என்றாள்.

"கெடுத்தா பாரு," என்று முனகினான் போஹ்தான்.

இரும்புக்கடை யால்மர் தொப்பியைக் கழற்றிக் கசக்கினார். "நல்ல பாட்டுங்க. ரொம்ப நல்ல பாட்டு. ஆனா..." என்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஆனா... தனித்தனியா கேக்கறதவிட எல்லாம் ஒரே தட்டுல வந்தா சௌகரியமா இருக்கும்."

அவர் மனைவி அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. புரூயிட்டுக்குத் தெரியவில்லை. அட்டைக்கு அங்கேயே ஊராரோடு சேர்த்துப் படம் எடுத்தார். படத்தில் எங்களைத் தவிர எல்லோரும் காதை மூடியிருக்கிறார்கள். குளிருக்காகத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்கள்.

தட்டு வெளிவந்தது, ஒப்பந்தம் முடிந்தது. கல்யாணத்தில் லெசியா பாடினாள். தங்கை அழுதாள், மாப்பிள்ளையும் அழுதான். அவன் எதற்கு அழுதான் என்று நாங்கள் கேட்கவில்லை.

அழையாமலே வந்திருந்தார் புரூயிட். "தட்டு நல்லாப் போகுதும்மா. புது ஒப்பந்தம் கொண்டாந்திருக்கேன், ஒரு கையெழுத்து..."

"மொதல்ல சாப்பிடுங்க சார்," என்று உருளைக்கிழங்குப் பெரோகிக் கொழுக்கட்டை குவிந்த தட்டை அவர் இரண்டு கையிலும் வைத்தாள் லெசியா. எங்கள் உக்ரேனியக் கல்யாணத்தில் தட்டைக் காலியாக்காமல் கீழே வைப்பது பெருத்த அவமரியாதை. விருந்தாளியின் தட்டைக் காலியாக விடுவது வீட்டாருக்கு அதைவிட அவமரியாதை. அவர் பேனாவுக்குக் கையை எடுக்கப் போகும்போதெல்லாம் ஓர் அத்தை வந்து நிரப்பிவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரிந்தவரை அவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.