சொசைட்டி வாசலில் டோரீன் சொன்னது

கேஸை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை திரும்பி வருகிறவள் டோரீன். ஆஸ்டின் டவுனில் அவளுடைய பயத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. சுட்டெரிக்கும் வெயிலிலும் அவள் கைப்பையில் குடை இருக்கும். ஒரே பள்ளிக்கூடத்தில் அவளோடு காலமெல்லாம் பாடம் நடத்திய ஐரின், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சொல்வாள்: "நம்ம டோரீன் மோட்சத்துக்குப் போனாலும் வாசல் பூட்டை ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள போவா." டோரீனும் சேர்ந்து சிரிப்பாள். பயப்படுவது அவளுக்கு ஒருநாளும் வெட்கமாக இருந்ததில்லை.

அவள் புருஷன் ஓஸ்வால்ட் இதற்கு நேர் எதிர். பயமும் கிடையாது, வாயில் எதுவும் தங்கவும் தங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் அறிவிப்பு வாசிக்கிறவர் அவர்தான். ஃபாதர் எழுதிக் கொடுத்தது பாதி என்றால் ஓஸ்வால்டின் சொந்தச் சரக்கு பாதி இருக்கும். யாருக்குக் காய்ச்சல், யார் பையனுக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டு நாய் காணாமல் போனது, எல்லாம் மைக்கில் வந்துவிடும். மனசில் கள்ளம் இல்லாதவர். அதனாலேயே எதையும் நம்பினார். அவர் நம்பியதில் முதலிடம் சொசைட்டிக்கு.

சொசைட்டி என்று அந்தப் பக்கத்தில் சொன்னால் தெருக்கோடியில் இருந்த கூட்டுறவு வங்கி. ஒரே கவுண்டர், இரண்டு மின்விசிறி, சுவரில் மாதாவும் பக்கத்தில் லக்ஷ்மியும். அதன் தலைவர் க்ளென் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அங்கே புதிதாகக் கணக்குத் தொடங்க, பழைய உறுப்பினர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டவர் ஓஸ்வால்ட். மற்ற ஊரில் அது வெறும் கையெழுத்து. இவர்களுக்கு அப்படி இல்லை. ஞானஸ்நானத்தில் வாய் பேசாத குழந்தைக்குப் பதிலாக ஞானத்தகப்பன் பதில் சொல்கிறானே, அந்த மாதிரி ஒன்றாக அதை ஆக்கி வைத்திருந்தார்கள். "சொசைட்டிக்கு ஞானத்தகப்பன்" என்று ஓஸ்வால்டைக் கேலி செய்வார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வினை.

ஐரினுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். ஐரின் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அப்பா அம்மா இருந்த வீட்டை விற்று அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்டபோது, அவள் பங்கு அப்படியே சொசைட்டிக்குப் போனது. ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை ஃப்ளாட் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் மீதியைக் கொடுத்தால் வீடு அவளுடையது. சாவியைக் கையில் வாங்கும் முன்பே ஜன்னலுக்குத் திரைத்துணி தைத்து வைத்துவிட்டாள்.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லாயிட் வந்தான். டோரீனின் சித்தப்பா மகன், சொசைட்டியில் கேஷியர். கொடுத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா எங்க அக்கா?"

"கோயிலுக்குப் போயிருக்காரு. ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?"

"க்ளென் சாரு மச்சானுக்கு ஒரு பெரிய லோன் குடுத்தோம். எலஹங்கா பக்கம் அபார்ட்மென்ட் கட்றேன்னு வாங்கினாரு. நேத்து போய்ப் பாத்தேன். நாலு பில்லர் நிக்குது, அவ்ளோதான். ஆடிட்காரங்க உக்காந்துட்டாங்க." குரலைத் தணித்தான். "உங்க பொண்ணு ஸ்னேஹா கல்யாணத்துக்கு வெச்சது, மாமா ரிட்டயர்மென்ட் பணம், எல்லாத்தையும் நாளைக்கே எடுத்துடுங்க. ஜாயின்ட் கணக்குதானே, உங்க கையெழுத்து ஒண்ணு போதும், மீதிய நான் பாத்துக்கறேன். மாமாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. சொன்னா ஞாயித்துக்கெழம மைக்ல வந்துடும். என் வேலை போறது மட்டும் இல்ல, நான் ஜெயிலுக்கே போவேன். ரெண்டு கொழந்தைங்க இருக்கு அக்கா."

மறுநாள் காலையில் ஓஸ்வால்ட் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே டோரீன் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிக் கிளம்பினாள். மத்தியானத்துக்குள் பணம் முழுவதும் எம்.ஜி. ரோட்டிலிருந்த ஒரு பெரிய வங்கிக்குக் கிளம்பிவிட்டது. திரும்பி வரும் வழியில் ஐரினுக்கு போன் போட்டாள். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். நம்முடைய பணம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் பணம் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். வியாழனும் வெள்ளியும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடமாடினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை யாரோ வாட்ஸ்அப்பில் சொசைட்டியைப் பற்றி ஒரு வரி போட்டார்கள். சனிக்கிழமை காலையில் சொசைட்டி வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. "லைன்னல்லி நில்ரி" என்று ஒரு கான்ஸ்டபிள் வரிசையில் நிற்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. க்ளென் போன் செய்து கூப்பிட்டார் என்று ஓஸ்வால்ட் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார். டோரீன் பின்னாலேயே போனாள். போகாமல் இருந்திருக்கலாம். அவர் என்ன செய்யப்போகிறாரோ என்ற பயம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

ஓஸ்வால்ட் படியில் ஏறி நின்றார். மைக் இல்லை, அந்தக் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த சொசைட்டிய நமக்கு வெளியாள் யாரும் வந்து தொறக்கல. நம்ம அப்பா தாத்தா சேத்தது. இன்னிக்கு எல்லாரும் ஒரே நாள்ல பிடுங்கினா எந்த பேங்கும் நிக்காது. என் பணம் மொத்தமும் இங்கதான் இருக்கு. என் பொண்ணு கல்யாணப் பணம் இங்கதான் இருக்கு. நான் எடுக்கல. உங்கள்ல எத்தனை பேருக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணுன்னா மொதல்ல எனக்கு."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் நகர ஆரம்பித்தார்கள். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த உண்மையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் டோரீனிடம் இருந்தது.

வரிசையின் நடுவில் நின்ற ஐரின் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். கையில் பாஸ்புக்.

"டோரீன், நீயும் எடுக்கலியா?"

சுற்றிலும் ஆட்கள். நாலடி தூரத்தில் ஓஸ்வால்ட். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் லாயிட், பேயறைந்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐரினின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதோடு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வரிசையை விட்டுப் போகாதே என்று சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல ஐரின். எடுக்கல."

ஐரின் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாஸ்புக்கைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "சரி, வீட்ல துணி ஊறுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. க்ளென் வெளியே வந்து ஓஸ்வால்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திங்கள்கிழமை சாயங்காலம் ரிசர்வ் வங்கியின் உத்தரவு வந்தது. ஷட்டரில் காகிதம் ஒட்டினார்கள். ஒரு சில ஆயிரத்துக்கு மேல் யாரும் எடுக்க முடியாது. இன்ஷூரன்ஸில் ஐந்து லட்சம் வரை வருமாம், அதுவும் எப்போது என்று யாருக்கும் தெரியாது. க்ளென் வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஆகவே எல்லோரும் ஓஸ்வால்ட் வீட்டுக்கு வந்தார்கள்.

முதலில் கத்தினார்கள். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. பிறகு யாரோ, "விடுங்கப்பா, அவருக்கும்தானே போச்சு, பொண்ணு கல்யாணம் வேற," என்றார்கள். அதோடு கோபம் வடிந்தது. மறுவாரம் கோயில் சபையிலிருந்து இரண்டு பேர் ஒரு அரிசிப் பையும் எண்ணெய் பாக்கெட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அரிசியை டோரீனால் தொட முடியவில்லை. பை அடுப்படி மூலையிலேயே கிடந்து வண்டு பிடித்தது.

மாதக் கடைசி வந்தது. ஒக்கலிபுரம் ஃப்ளாட்காரர் ஒருநாள்கூடப் பொறுக்கவில்லை. ஐரினின் அட்வான்ஸும் போனது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஓஸ்வால்ட், தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்த வீட்டு மேல லோன் வாங்கப் போறேன். ஐரினுக்காவது குடுத்துடணும். அவளுக்கு யாரு இருக்கா? நான் கையெழுத்துப் போட்டவன்."

இருக்கிற கூரையையும் அடகு வைக்கப் போகிறார் என்றதும்தான் டோரீனின் வாய் திறந்தது. அதற்கும் காரணம் பயம்தான்.

"வேணாங்க. நம்ம பணம் போகல. எங்கிட்ட இருக்கு."

லாயிட் வந்தது, புதன்கிழமை, எம்.ஜி. ரோடு, எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நான் படியில நின்னப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் எழுந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அவள் பின்னாலேயே போய் அழுதாள். "வெளிய சொன்னீங்கன்னா லாயிட் உள்ள போயிடுவான். ஐரினுக்குக் குடுத்தாலும் ஏது பணம்னு கேப்பா. ஸ்னேஹாவுக்குப் பேசி வெச்சிருக்கற வீட்ல என்ன சொல்வாங்க? உங்களை யாரு நம்புவாங்க? நீங்களே தெரிஞ்சு நடிச்சீங்கன்னுதான் சொல்வாங்க." அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் மைக்குக்குப் போனபோது டோரீன் முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தைக்கூட வாயில் அடக்கி வைக்கத் தெரியாத மனுஷன் அவர். ஓஸ்வால்ட் தாளில் இருந்ததை வாசித்தார். தாளில் இருந்ததை மட்டும் வாசித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதற்கு அடுத்த வாரம், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டார். வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு, மருந்து, கரன்ட் பில் என்பதோடு சரி. அவருடைய ஓட்டை வாயைப் பற்றி டோரீன் எத்தனை வருஷம் அலுத்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்த வீட்டின் அமைதி அவளைத் தின்றது.

ஐரின் கோலார் தங்க வயலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவானது. அங்கே பின்பக்கத்தில் ஒரு ஷீட் போட்ட அறை காலியாக இருந்ததாம். அந்த ஊருக்குப் போகும் மாரிகுப்பம் வண்டியில் ஏற்றிவிட இரண்டு பேரும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஓஸ்வால்ட் இரண்டு பெட்டியையும் ஏற்றி வைத்துவிட்டுப் பிளாட்ஃபாரத்தில் நின்றார். டோரீன் ஜன்னல் வழியாக ஒரு கவரை நீட்டினாள்.

"கைச்செலவுக்கு வெச்சுக்கோ."

ஐரின் கவரைத் திறக்கவே இல்லை. அப்படியே அவள் கையில் திருப்பித் திணித்தாள். "உனக்குப் பைத்தியமா? நீங்களே எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கறீங்க. ஸ்னேஹா கல்யாணத்துக்கு வேணும், வை." பிறகு கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அண்ணன் அன்னிக்குப் படியில நின்னு பேசினாரே, அதை நான் நம்பவே இல்ல. பாவம், அவரு எல்லாத்தையும் நம்பறவரு. அவரு பேசி முடிச்சதும் எடுத்துட்டுத்தான் போறதா நின்னுட்டு இருந்தேன். அப்புறம்தான் உன்னைப் பாத்தேன். டோரீனே எடுக்கலன்னா எனக்கு என்ன பயம்னு வீட்டுக்கு வந்துட்டேன்." லேசாகச் சிரித்தாள். "காலமெல்லாம் நீ பயந்ததுக்குக் கிண்டல் பண்ணேன். நீ பயப்படாத ஒரு நாள்ல போய் மாட்டிக்கிட்டோம் பாரு, ரெண்டு பேரும்."

ஓஸ்வால்டுக்கு எல்லாம் கேட்டது. அவர் டோரீனைப் பார்த்தார். "டோரீன்" என்றார், அவ்வளவுதான். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது டோரீனுக்கு. கவர் கை வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தாள்.

"பையை ஜன்னல் பக்கம் வெக்காத," என்றாள். "ஒயிட்ஃபீல்டு கிட்ட வண்டி ஸ்லோ ஆகும், கையை விட்டு எடுத்துடுவாங்க."

ஓஸ்வால்ட் திரும்பி, படிக்கட்டை நோக்கி நடந்தார். ஐரின் சொன்னபடியே பையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.