உப்புக்கோட்டைக் கதவு

"வந்துடுச்சா?"

சனிக்கிழமை மதியம் என் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். குசல விசாரிப்பெல்லாம் கிடையாது. 'உப்புக்கோட்டை' மூன்றாம் பாகம் வந்துவிட்டதா, இல்லையா? "வரலை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. ஏதோ நானே அச்சடித்துப் பின்னறையில் பதுக்கி வைத்திருப்பதுபோல ஒரு பார்வை வேறு பார்ப்பார்கள்.

ஷெபாய்கன் ஊரின் எட்டாம் தெருவில், பகடை ஆட்டம், கதை ஆட்டம் எல்லாம் விற்கும் விளையாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பெயர் ராக்ஸேன், ராக்ஸி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். கடையின் பின்பக்கத்தில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் நான்கு பேர் பல வருடங்களாக 'உப்புக்கோட்டை' புத்தகங்களில் வரும் ஒரே கதையை விளையாடி வருகிறோம். நான், டர்க், பா ஹுவா மூவருக்கும் கதையில் ஆளுக்கொரு பாத்திரம். வெண்டல் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்துபவன். எதிரே யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று அவன் சொல்வான். நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். அது பலிக்குமா என்று பகடை சொல்லும்.

இரண்டாம் பாகப் புத்தகம் ஒரு கதவோடு முடிந்திருந்தது. கோட்டைக்கு அடியில், உப்புப் பூத்த இரும்புக் கதவு. பா ஹுவாவின் பாத்திரம் செர்ரா என்ற வில்லாளி. சிறைப்பட்ட தம்பியைத் தேடித்தான் அவள் முதல் நாள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். அந்தத் தம்பி இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறான். கதவைத் தொட்டோம், புத்தகம் முடிந்தது. இரண்டு வருடமாகக் கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

பதிப்பகத்திலிருந்து அவ்வப்போது மின்னஞ்சல் வரும். 'அன்பார்ந்த சாகசக்காரர்களே' என்று தொடங்கினால் தாமதம் என்று அர்த்தம். வேறு எப்படியும் அது தொடங்கியதில்லை. ஒரு தடவை வரைபடங்களைத் திரும்ப வரைகிறார்கள். ஒரு தடவை கப்பல் வரவில்லை. கடைசியாக, அட்டையில் நீல நிறம் சரியாக விழவில்லை.

"என் பொண்ணு பொறந்து, நடந்து, பேசக் கத்துக்கிட்டு, இப்ப என்னையே திட்டுறா," என்றான் டர்க். அவன் பக்கத்து ஊரான ஊஸ்ட்பர்க்கில் கசாப்புக் கடை வைத்திருக்கிறான். "இவங்களால ஒரு நீலத்தைக் கண்டுபிடிக்க முடியலை."

அன்று பா ஹுவா சிரிக்கவில்லை. பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாங்க ஃப்ரெஸ்னோவுக்கே குடி போறோம்," என்றாள். "மாமனாருக்கு உடம்பு முடியலை. என் வீட்டுக்காரர் காவ் வேலையை விட்டாச்சு. எனக்கும் அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. ஆகஸ்டோட இங்கே சரி."

டர்க் வாயிலிருந்ததை மெல்லாமல் விழுங்கினான்.

"கதவைத் திறக்காம நான் போக மாட்டேன்," என்றாள் அவள். "வெண்டல், உன்னைத்தான். புத்தகம் எப்ப வேணா வரட்டும். உள்ள என்ன இருக்குன்னு நீயே சொல்லிடேன்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

வெண்டல் மாவட்டச் சாலைத் துறையில் இருக்கிறான். குளிர்காலத்தில் பனி தள்ளுவான், கோடையில் சாலையோரப் புல் வெட்டுவான். போட்ட கோட்டில் வண்டியை விட்டுப் பழகியவன்.

"புத்தகத்துல பொறி இருந்தா அது பொறி. நானா வெச்சா அது கொலை," என்றான். "உன் தம்பி செத்துக் கிடந்தான்னு வெச்சுக்கோ. புத்தகம் கொன்னா நீ புத்தகத்தைத் திட்டுவே. நான் கொன்னா?"

"உயிரோட இருக்கான்னு சொல்லு. யாரு வேணாங்கறா?"

"அப்படிச் சொன்னா அது சும்மா பரிசு. அதுக்கா இத்தனை வருஷம் ஆடினோம்?"

"உங்கிட்ட பேசறதுக்கு அந்தக் கதவுகிட்டயே பேசலாம்," என்று பா ஹுவா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரமே பதிப்பகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இண்டியானாபோலிஸில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் விளையாட்டுத் திருவிழாவில் மூன்றாம் பாகத்தை முதன்முதலாகக் காணலாம். காணலாம் என்றுதான் போட்டிருந்தார்கள். வாங்கலாம் என்று நாங்களாகப் படித்துக்கொண்டோம்.

பா ஹுவா ஊரைவிட்டுக் கிளம்பப்போவது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியும்போதே வெண்டலின் பிக்கப் வண்டியில் நானும் அவனும் புறப்பட்டோம். சிகாகோவைச் சுற்றி எல்லாச் சாலைகளையும் ஒரே நேரத்தில் தோண்டிப் போட்டிருந்தார்கள். "இதுவா சாலை வேலை?" என்று தொழில்முறையில் வெண்டல் திட்டிக்கொண்டே வந்தான்.

திருவிழா அரங்கில் பதிப்பகத்தின் கடை முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எங்கள் முறை வந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் தெரிந்தது. கனமான புத்தகம். அட்டையில் நீலம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

"ரெண்டு குடுங்க," என்றான் வெண்டல்.

"விற்பனைக்கு இல்லைங்க. இது மாதிரிப் பிரதி," என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த இளம்பெண். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயருக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று இருந்தது.

"திறந்து காட்டுங்களேன்."

அவள் தயங்கினாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு பக்கத்தைப் புரட்டினாள். வெள்ளை. அடுத்த பக்கமும் வெள்ளை. அட்டையைத் தவிர அதில் எதுவுமே இல்லை.

வெண்டலின் கழுத்து சிவந்தது. அவள் அவசரமாக ஒரு மெல்லிய இலவசப் பிரதியை நீட்டினாள். "முதல் அத்தியாயம் இதுல இருக்கு. இது நிஜம்."

அவன் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீ அந்தப் பக்கம் பாரு," என்றான்.

நடத்துகிறவர் மட்டும்தான் படிக்கலாம். ஆடுகிறவர் ஒரு வரி பார்த்தாலும் குற்றம். ஆகவே அத்தனை கூட்டத்தில் நான் சுவரைப் பார்த்து நின்றேன். இடித்துக்கொண்டு போனவர்கள்கூடக் காரணம் கேட்கவில்லை. அந்தத் திருவிழாவில் எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

"ராக்ஸி, திரும்பு. படி."

"என்னது?"

"படின்னு சொல்றேன்ல."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. படித்தேன். இரும்புக் கதவு உள்ளிருந்து திறக்கிறது. கையில் விளக்கோடும் சாவியோடும் நிற்பவர் கிழட்டுப் படகுக்காரர் ஓரிக். 'வாருங்கள், பையன் பத்திரமாக இருக்கிறான்' என்கிறார். அங்கிருந்து அந்த அத்தியாயம் முழுக்க அவர்தான் வழிகாட்டி.

எங்கள் மேஜையில் ஓரிக் முதல் பாகத்திலேயே செத்துவிட்டார். தம்பியைக் கோட்டைக்கு விற்றது அவர்தான் என்று நினைத்து, பா ஹுவாவின் செர்ரா அவர் கழுத்தில் அம்பு விட்டாள். இருபது முகப் பகடையில் ஆக உயர்ந்த இருபதே விழுந்தது. எழுந்து நின்று கைதட்டினோம்.

"மேடம்," என்றான் வெண்டல். "எங்க மேஜையில ஓரிக் செத்துட்டார்."

எழுத்தாளர் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "படகுத்துறையிலயா?"

"ஆமா."

"என் மேஜையிலயும் அங்கேதான். கோடரி." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு எழுதறவங்கள்ல பாதிப் பேர் அவரைக் கொன்னிருக்காங்க. மூஞ்சியைத் துரோகி மாதிரி எழுதிட்டேன் போல. அதுக்காகத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். செத்திருந்தா ஒரு வழி, உயிரோட இருந்தா ஒரு வழி. புத்தகம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ஆபீஸ்ல வெட்டச் சொல்லிட்டாங்க."

"அட்டை நீலம்னு சொன்னீங்களே."

"நீலமும் உண்மைதாங்க."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"எதையாவது சொல்லிச் சமாளிங்க. நான் அதைத்தான் செஞ்சேன்."

"சமாளிச்சீங்களா?"

"ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க," என்றாள். எங்களுக்குப் பின்னால் நின்றவர் குரல் கொடுத்ததும் அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கேரி நகரத்தைத் தாண்டினோம். வெண்டல் ஸ்டியரிங்கை அடித்தான்.

"சமாளிங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ரெண்டு வருஷம். அதை அப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே சமாளிச்சிருப்பேனே."

"இல்லை, சமாளிச்சிருக்க மாட்டே," என்றேன். "பா ஹுவா கெஞ்சினப்பவே நீ சொல்லலையே."

அவன் என்னை முறைத்தான். "நாளைக்கு வருவா இல்ல?"

"வருவா."

சனிக்கிழமை பா ஹுவா ஒரு தட்டு நிறைய எக் ரோலும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்தாள். டர்க் சுட்ட பிராட் தொத்திறைச்சிகளை ரொட்டியில் வைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தான். வெண்டல் தன் அட்டைத் தடுப்பை முன்னால் நிறுத்தினான். புத்தகத்தை ஆடுகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று வைக்கும் தடுப்பு அது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனே அதை மடித்துக் கீழே வைத்துவிட்டான்.

"புத்தகம் எங்கே?" என்றாள் பா ஹுவா.

"இல்லை. முதல் அத்தியாயம் மட்டும் குடுத்தாங்க. முழுசா வந்தாலும் நமக்கு ஆகாது."

"அப்போ?"

"கதவு முன்னாடி நிக்கிறீங்க," என்றான் வெண்டல்.

"தெரியும்ப்பா. ரெண்டு வருஷமா நிக்கிறோம்," என்றான் டர்க். "எனக்கு ஒண்ணுக்கு வருது. திற தாயே."

"திறக்கிறேன்," என்றாள் அவள்.

வெண்டல் இருபது முகப் பகடையை மேஜை நடுவில் வைத்தான். "பத்துக்கு மேல விழுந்தா தம்பி..."

பா ஹுவா உள்ளங்கையால் பகடையை மூடினாள். "இதைக் கேக்காதே. நீ சொல்லு."

வெண்டல் மேஜையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான். புத்தகத்திலிருந்து படிக்கும் குரல் இல்லை. தடுமாறினான்.

"உள்ளே... சின்ன அறை. சுவரெல்லாம் உப்பு. ஒரு பலகை. அதுல உன் தம்பி உட்கார்ந்திருக்கான். உயிரோடதான். போர்வை போர்த்தியிருக்கான். காலுக்குப் பக்கத்துல மூட்டை. கட்டி ரெடியா இருக்கு. உங்களைத் திரும்பிப் பார்க்கலை. 'படகு வந்துடுச்சா?'ன்னு கேக்கறான்."



"எந்தப் படகு?" என்றாள் பா ஹுவா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"'ஓரிக் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார். அவர்தான் எனக்கு ரொட்டி கொண்டுவருவார். ஒரு நாளோட நின்னுடுச்சு,'" என்றான் வெண்டல், தம்பியாக.

"இது அந்த முதல் அத்தியாயத்துல இருக்கா?" என்று கேட்டாள் பா ஹுவா.

"இல்லை."

"நீயா வெச்சே."

"ஆமா."

"பாவி."

அவள் எழுந்து அலமாரி வரை போனாள். அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். டர்க் பிராட்டைக் கீழே வைத்துவிட்டான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"நான் உன் அக்காடா. நான் வந்துட்டேன்ல," என்றாள்.

"'ஓரிக் எங்கே?'"

"வர்ற வழியில செத்துட்டார்."

"'எப்படி?'"

அவள் என்னைப் பார்த்தாள். "நான்தான் கொன்னேன்," என்றாள். "உன்னை வித்துட்டார்னு நினைச்சேன்."

"மூட்டையை எடுத்துக்கிறான்," என்றான் வெண்டல். "உன்னைத் தாண்டிப் படியேறிப் போறான்."

"கையைப் பிடிக்கிறேன்."

"உதறிட்டான்."

"பகடை போடணும். பலத்துக்குப் பகடை போடணும், அதுதான் விதி."

"நீ பிடிச்சு இழுக்கலாம், ஜெயிச்சும் வெச்சுக்கலாம். அவன் மனசு மாறாது."

வெளியே ஹாரன் அடித்தது. காவ் வண்டியில் பிள்ளைகளோடு காத்திருந்தான். வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், கட்டில்களைக் கழற்ற வேண்டும். பா ஹுவா பகடைகளைப் பைக்குள் அள்ளிப் போட்டாள். என்னைக் கட்டிக்கொண்டாள். டர்க்கைக் கட்டிக்கொண்டாள். வெண்டலிடம் போகவில்லை.

"இத்தனை நாள் காத்திருந்தது இதுக்குத்தானா?" என்று வாசலில் நின்று சொன்னாள். போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு மதியம் வெண்டல் கடைக்கு வந்து எதையும் வாங்காமல், எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "பரிசாவே குடுத்திருக்கலாம்," என்றான். கொஞ்சம் கழித்து, "குடுத்திருந்தா அவளே என் மூஞ்சியில துப்பியிருப்பா," என்றான். எனக்கு அவனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்ட வேண்டும்போல் இருந்தது.

தொலைபேசி அடித்தது. அயோவா சோளக்காடுகளுக்கு நடுவிலிருந்து பா ஹுவா. பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

"அவன் அங்கே இருக்கானா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன்.

"வெண்டல். என் தம்பி மேல ஏறிப் போயி எங்கே போவான்?"

"கரைக்கு."

"அங்கே ஓரிக்கோட படகு கட்டினபடியே கிடக்கு. நாம அதை எடுக்கவே இல்லை."

வெண்டல் நிமிர்ந்தான். "சரி."

"நான் அவனுக்கு முன்னாடி ஓடிப் போறேன். படகுல ஏறித் துடுப்பைக் கையில எடுத்துக்கிறேன்."

"ஏற மாட்டான்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அவனுக்கு நீச்சல் தெரியாது."

"கரையிலேயே நிப்பான்."

"நிக்கட்டும். நான் படகைவிட்டு இறங்க மாட்டேன். மழை பெய்யட்டும், கோட்டைக்காரன் ஆள் அனுப்பட்டும். அவன் கேக்கறதையெல்லாம் கேக்கட்டும், பதில் சொல்றேன். இப்ப அவன் என்ன கேக்கறான்? சொல்லு."

வெண்டல் வாயைத் திறந்தான். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்ப அழைத்தேன். போகவில்லை. வெண்டல் எரிச்சலோடு தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

"அயோவாவுல ஒரு டவர்கூடவா நட்டு வைக்கலை?" என்றான். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "அவ கூப்பிடறதுக்குள்ள அந்தப் பையன் என்ன கேப்பான்னு நான் யோசிச்சாகணும். கொஞ்ச நேரம் யாரும் எங்கிட்டப் பேசாதீங்க."